ஆற்று முகத்துவாரத்தில் அலையை முன்னறிவது: தாழங்குடா முதல் அரியாங்குப்பம் வரை எந்தக் கணக்கு பொருந்தும்?

அரியாங்குப்பத்தான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். புதுச்சேரிக்கு வடக்கேயுள்ள கடற்கரைகளில் மூன்று ஆண்டுகளாக அலைச்சறுக்கு பழகி வருகிறேன். இந்த ஆண்டு முதல் முகத்துவாரங்களின் பக்கம் கவனம் திரும்பியிருக்கிறது. சுண்ணாம்பாறு கடலில் சேரும் இடத்திலும், தாழங்குடாவில் தென்பெண்ணை கடலில் சேரும் இடத்திலும் சில காலைகளில் மணல்திட்டின் விளிம்பைப் பற்றிக்கொண்டு அலை நீளமாக உடைந்து வருவதைப் பார்த்தபின் வேறு எங்கும் மனம் செல்லவில்லை.

என் சிக்கல் இதுதான். சென்ற மாதம் ஒரு நாள் கைப்பேசிச் செயலி 1.2 மீட்டர் அலை, 7 விநாடி இடைவெளி என்று காட்டியது. விடியற்காலையில் தாழங்குடாவுக்குப் போனால், திட்டு முழுவதும் ஒரே நேரத்தில் சுவர்போல இடிந்து விழும் கலங்கல் அலைதான் இருந்தது. பத்து நாள் கழித்து அதே செயலி 0.6 மீட்டர் என்று காட்டிய காலையில், பலகை இல்லாமல் சும்மா பார்க்கப் போன இடத்தில், இடுப்பளவு உயரத்தில் அழகாக உரிந்து ஓடும் அலைகளைக் கண்டேன். குளிர்ந்த கடல்களில் உள்ள முகத்துவாரங்களைப் பற்றிய வழிகாட்டுதல்களைத் தேடிப் படித்தேன். அவை எல்லாம் நீண்ட இடைவெளி கொண்ட அலை, வற்றம் (கடல்நீர் இறங்கும் நேரம்), கரையிலிருந்து வீசும் காற்று ஆகிய மூன்றையும் சொல்கின்றன. நம் கரைக்கு இவற்றில் எவை பொருந்தும், எவை பொருந்தா என்று அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பழைய மாலுமி எழுதியது:

தம்பி, நல்ல கேள்வி. நான் கப்பலில் பணிபுரிந்த காலத்தில் ஸ்பெயினின் பில்பாவோ துறைமுகத்தில் பலமுறை தங்க நேர்ந்திருக்கிறது. அங்கிருந்து கிழக்கே சிறிது தூரத்தில்தான் முண்டாகா என்ற சிற்றூர் இருக்கிறது. ஓகா என்னும் ஆறு பிஸ்கே விரிகுடாவில் சேரும் இடம் அது. குளிர்நீர் முகத்துவார அலை என்றவுடன் உலகெங்கும் முதலில் சொல்லப்படும் பெயர்களில் ஒன்று. நீங்கள் படித்த வழிகாட்டுதல்கள் பெரும்பாலும் அத்தகைய இடங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவையாக இருக்கும். ஆகவே அந்த இடம் எப்படி இயங்குகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அங்கே அலைகள் வட அட்லாண்டிக்கின் குளிர்காலப் புயல்களில் பிறந்து வடமேற்கிலிருந்து வருகின்றன. அவற்றின் இடைவெளி பெரும்பாலும் 12 விநாடிக்கு மேல் இருக்கும். காற்று தெற்கிலிருந்து, அதாவது நிலத்திலிருந்து வீச வேண்டும். அமாவாசை, பௌர்ணமி நாள்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்டம் 4 மீட்டருக்கு மேல் வேறுபடுவதால், வற்றம் ஒட்டிய சில மணி நேரம் மட்டுமே திட்டு அலையை ஒழுங்காக உடைக்கும். ஏற்றம் முழுதாகிவிட்டால் அதே அலை திட்டைக் கவனிக்காமலேயே கடந்துபோய்விடும். குளிர்காலத்தில் தண்ணீர் ஏறத்தாழ 12 பாகை செல்சியஸ் என்பதால் உடல் முழுவதையும் மூடும் தடித்த ரப்பர் உடை இல்லாமல் யாரும் இறங்குவதில்லை.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது வேறு ஒன்று. 2003-ஆம் ஆண்டில் அந்தக் கழிமுகத்தில் கப்பல் கட்டும் தளம் ஒன்றுக்காக மணலைத் தோண்டி அகற்றினார்கள். அதன்பின் திட்டின் வடிவம் மாறிப்போனது. கடலில் அதே புயல்கள், அதே வடமேற்கு அலைகள், அதே தென்காற்று. ஆனாலும் முண்டாகாவின் அலை கெட்டுப்போய், 2005-இல் நடக்கவிருந்த உலகப் போட்டியையே கைவிட வேண்டியதாயிற்று. பிறகு ஆறும் கடலும் மணலை மெல்ல மீண்டும் அடுக்கிக்கொடுத்த பின்னரே அலை திரும்பியது. முன்னறிவிப்பு எண்கள் அந்த ஆண்டுகளில் எந்தக் குறையும் காட்டியிருக்க மாட்டா. உங்கள் 1.2 மீட்டர் காலைக்கும் 0.6 மீட்டர் காலைக்கும் இடையிலான வேறுபாட்டில் பாதி விடை இங்கேயே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கடிலக்கரை எழுதியது:

ஐயா சொன்னதோடு உடன்படுகிறேன். மறுபாதி விடை அந்த எண்ணுக்குள்ளேயே இருக்கிறது. நான் கடல்சார் பொறியியல் படித்தவள்; அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

செயலிகள் காட்டும் அலை உயரம் பெரும்பாலும் உலகளாவிய கணினி மாதிரிகளிலிருந்து எடுக்கப்படுகிறது. அவை கடலைக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. கால் பாகைக் கட்டம் என்றால் நம் அட்சரேகையில் ஒரு பக்கம் ஏறத்தாழ 27 கிலோமீட்டர். அரியாங்குப்பத்து ஆறு, சுண்ணாம்பாறு, தென்பெண்ணை, கடிலம், கடலூர் முதுநகரின் உப்பனாறு என்று நாம் பேசுகிற அத்தனை முகத்துவாரங்களும் அப்படிப்பட்ட ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடக்கூடியவை. அந்தக் கட்டத்துக்கு உங்கள் மணல்திட்டு இருப்பதே தெரியாது. மேலும் அங்கே தரப்படும் உயரம், வருகின்ற அலைகளில் மிக உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி. திறந்த கடலுக்கு உரியது. திட்டின்மேல் உடையும் அலையின் உயரம் அன்று.

அடுத்தது இடைவெளி. நம்மவர்கள் உயரத்தைப் பார்த்துவிட்டு இடைவெளியைப் பார்க்காமல் கிளம்பிவிடுகிறார்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். அலை ஏந்திவரும் ஆற்றல் உயரத்தின் வர்க்கத்தையும் இடைவெளியையும் பெருக்கினால் கிடைப்பதற்கு ஏற்ப அமையும். 1 மீட்டர் உயரமும் 6 விநாடி இடைவெளியும் கொண்ட அலையைவிட, 0.7 மீட்டர் உயரமும் 14 விநாடி இடைவெளியும் கொண்ட அலை அதிக ஆற்றலை ஏந்தி வருகிறது. ஆழ்கடலில் 6 விநாடி அலையின் நீளம் ஏறத்தாழ 56 மீட்டர். 14 விநாடி அலையின் நீளம் 300 மீட்டரைத் தாண்டும். தன் நீளத்தில் பாதியளவு ஆழத்துக்கு வந்ததும் அலை கடலடியை உணரத் தொடங்கும். ஆகவே குட்டை அலை 28 மீட்டர் ஆழத்துக்கு வந்த பிறகே அடியை அறிகிறது. நெடிய அலையோ 150 மீட்டர் ஆழத்திலிருந்தே வளைந்து, திரண்டு, திட்டின் வடிவத்துக்கு ஏற்பத் தன்னைத் திருப்பிக்கொண்டு வருகிறது. திட்டின் ஒரு முனையில் உடையத் தொடங்கி மறுமுனைவரை உரிந்து ஓடுவது இந்த வளைவினால்தான். நீங்கள் 0.6 மீட்டர் காலையில் பார்த்த அலையின் இடைவெளி என்ன என்று குறித்து வைத்திருக்கிறீர்களா?

அரியாங்குப்பத்தான் எழுதியது:

அக்கா, இப்போது செயலியின் பழைய பதிவைப் பார்த்தேன். 13 விநாடி, தென்கிழக்கிலிருந்து என்று இருக்கிறது. நான் அந்த வரியை அன்று படிக்கவே இல்லை.

அப்படியானால் ஒரு துணைக்கேள்வி. தெற்கிலிருந்து 16 விநாடி, 17 விநாடி என்று சில நாள்களில் வருகிறதே, அன்று தாழங்குடாவில் ஏதும் இருப்பதில்லை. கன்னியாகுமரிப் பக்கம் கள்ளக்கடல் (உள்ளூரில் காற்றில்லாமலே திடீரென எழும் பேரலை) எச்சரிக்கை விடுத்த நாள்களில்கூட நம் பக்கம் அமைதியாக இருந்ததைக் கண்டிருக்கிறேன்.

கடிலக்கரை எழுதியது:

அதற்குக் காரணம் இலங்கை. வரைபடத்தை எடுத்து, புதுச்சேரியிலிருந்து இலங்கையின் கிழக்கு விளிம்பைத் தொட்டுச் செல்லும்படி ஒரு கோடு போட்டுப் பாருங்கள். அந்தக் கோடு நேர்தெற்கிலிருந்து கிழக்காக ஏறத்தாழ 22 பாகை விலகிச் செல்லும். திசைகாட்டியில் 158 பாகை அளவில் வரும். அதற்கு மேற்கேயிருந்து வரும் அலைகளின் நேர்ப்பாதையில் இலங்கை குறுக்கே நிற்கிறது. தென்மேற்கிலிருந்தும் நேர்தெற்கிலிருந்தும் வரும் நெடிய அலைகள் கேரளத்தையும் குமரி முனையையும் இலங்கையின் தென்கரையையும் அறைந்துவிட்டு, நமக்கு ஓரமாக வளைந்து நுழைந்த மிச்சத்தை மட்டுமே அனுப்புகின்றன.

அதே கோட்டைப் பூமியின் உருண்டை வடிவத்துக்கு ஏற்பத் தெற்கே நீட்டினால், அது ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலைக்கு அப்பால், 45 பாகைத் தென் அட்சரேகையில், ஏறத்தாழ 108 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகைப் பகுதியைத் தொடும். நமக்குத் தேவையான புயல் அந்தப் பக்கத்திலோ அதற்கும் கிழக்கிலோ இருக்க வேண்டும். ஆப்பிரிக்காவுக்குத் தெற்கே எவ்வளவு பெரிய புயல் வீசினாலும் நமக்குப் பயன் மிகக் குறைவு. ஆழ்கடலில் அலைக்கூட்டம் ஒரு விநாடியில் நகரும் தொலைவு, இடைவெளியை 0.78 ஆல் பெருக்கினால் கிடைக்கும் மீட்டர். 14 விநாடி அலை மணிக்கு ஏறத்தாழ 39 கிலோமீட்டர் செல்லும். அந்தப் பகுதியிலிருந்து நமக்கு 6,900 கிலோமீட்டர் அளவு இருப்பதால், வந்துசேர ஏழு நாளுக்குச் சற்று அதிகமாகும். 16 விநாடி அலை ஆறரை நாளுக்குள் வந்துவிடும். ஒரு வாரம் முன்னதாகவே தெரிந்துகொள்ளலாம் என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

இன்னொரு நடைமுறைக் குறிப்பு. இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள அறுகம்பை நம் அலைப்பாதையின் வாசலில் நிற்கிறது. அங்கிருந்து நமக்கு 600 கிலோமீட்டர் அளவுதான். அங்கே 14 விநாடி அலை வந்து சேர்ந்த நேரத்திலிருந்து பதினைந்து பதினாறு மணி நேரத்தில் அதன் ஒரு பகுதி நம் கரைக்கு வரும். அங்கே மாலையில் வந்தால் நமக்கு மறுநாள் காலையில். ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், அதாவது இன்காய்ஸ், புதுச்சேரிக்கு அப்பால் ஓர் அலைமானி மிதவையை வைத்திருக்கிறது. மாதிரி சொல்வதை அந்த மிதவை அளந்ததோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். மீனவர்களுக்காக அவர்கள் வெளியிடும் கடல்நிலை முன்னறிவிப்பையும் நான் மற்றச் செயலிகளுக்கு முன்பாகப் பார்க்கிறேன்.

தாழங்குடா மைந்தன் எழுதியது:

எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகத் தாழங்குடாவில் தொழில் செய்கிறது. நான் அலைச்சறுக்கு செய்பவன் அல்லன். ஆனால் அந்த முகத்துவாரத்தின் வழியாக ஃபைபர் படகை ஓட்டி வளர்ந்தவன். எண்களை அக்கா அழகாகச் சொல்லிவிட்டார். மணலைப் பற்றி நான் சொல்கிறேன்.

எங்கள் ஆற்றுவாய் ஓரிடத்தில் நிற்பதில்லை. மேலைக்காற்றான கச்சான் வீசும் காலத்திலும் தென்காற்றான சோழகம் வீசும் காலத்திலும் கடல், மணலைத் தெற்கிலிருந்து வடக்காக நகர்த்துகிறது. அப்போது தென்கரையிலிருந்து மணல் ஒரு நாக்குபோல வடக்கே நீண்டு, வாயைக் குறுக்கிக்கொண்டே போகும். ஆற்றில் தண்ணீர் இல்லாத கோடையில் வாய் ஏறக்குறைய அடைபட்டு, முழங்கால் ஆழத்தில் ஆள் நடந்து கடக்கும் நிலைகூட வந்துவிடும். வாடைக்காற்றுக் காலத்தில் மணலோட்டம் தெற்காகத் திரும்பும். அதோடு ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆறு பெருகி வந்து அந்த நாக்கை உடைத்துத் தள்ளும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை பெய்ததும், சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் பெண்ணையில் கரைபுரண்டு வந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். அப்படி ஒரு வெள்ளம் வந்தபின் பழைய முகத்துவாரத்தைத் தேடினால் கிடைக்காது. அடியாழத்தைப் புதிதாகக் கற்றுக்கொண்டுதான் நாங்கள் படகை எடுக்கிறோம்.

வெள்ளம் கொண்டுவந்த மணல் எங்கே போகிறது என்பதுதான் உங்களுக்கு முக்கியம். வாய்க்கு நேர் வெளியே, கடலுக்குள், பிறை வடிவத்தில் படிந்து ஒரு திட்டாகிறது. தை, மாசி மாதங்களில் கடல் தணிந்திருக்கும்போது அந்தப் பிறை கலையாமல் இறுகுகிறது. பங்குனி, சித்திரையில் தெற்கத்தி நெடிய அலைகள் வரத் தொடங்கும்போது அந்தப் பிறையின் ஓரத்தில்தான் நீங்கள் பார்த்த அலை உடைகிறது. ஆடி வருவதற்குள் அந்த மணலைக் கடல் சிறுகச் சிறுகக் கரைக்குத் தள்ளிவிடும். மழை பொய்த்த ஆண்டில் பிறையே உருவாகாது. அந்த ஆண்டு கடலில் எந்த அலை வந்தாலும் எங்கள் ஊரில் அது நேராகக் கரையில் மோதித்தான் விழும்.

கருங்கல் தடுப்புகள் கட்டப்பட்ட முகத்துவாரங்களின் கதை வேறு. அரியாங்குப்பத்து ஆற்று வாயில் 1980-களின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காகத் தடுப்புச் சுவர்கள் கட்டப்பட்ட பின், வடக்கே போக வேண்டிய மணல் தெற்கிலேயே தேங்கியது. புதுச்சேரி நகரக் கடற்கரை மணலை இழந்து கற்குவியல் ஆனது. தலைமைச் செயலகத்துக்கு எதிரே தேசியக் கடல்தொழில்நுட்ப நிறுவனம் கடலடியில் ஆப்பு வடிவத் திட்டு ஒன்றை அமைத்த பிறகுதான் அங்கே மணல் மீண்டும் சேர்ந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு தடுப்பு எங்கே நிற்கிறதோ அதை வைத்தே அதன் இருபக்கத்துத் திட்டுகளையும் ஊகிக்கலாம்.

வடக்குக்குப்பத்துப் பயிற்சியாளர் எழுதியது:

இந்த இழையைத் தொடக்கத்திலிருந்து படித்து வருகிறேன். பல ஆண்டுகளாகச் சிறுவர்களுக்குக் கடலில் பலகைப் பயிற்சி அளித்து வருபவள் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். ஏற்றவற்றத்தைப் பற்றி நீங்கள் அதிகம் கவலைப்படத் தேவையில்லை. மாலுமி ஐயா குறிப்பிட்ட ஊரில் அது 4 மீட்டர். நம் ஊரில் அமாவாசை, பௌர்ணமியில்கூட ஒரு மீட்டருக்கு உட்பட்டதுதான். நாங்கள் பயிற்சி வகுப்பின் நேரத்தைக் காற்றை வைத்து முடிவு செய்கிறோமே தவிர, ஏற்றவற்ற அட்டவணையைப் பார்த்து அல்ல.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. நம் கரை கிழக்கு நோக்கியது. கோடையில் விடியற்காலை முதல் ஒன்பது, பத்து மணிவரை நிலத்திலிருந்து மெல்லிய மேலைக்காற்று வரும்; அலையின் முகம் கண்ணாடிபோல இருக்கும். அதன்பின் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று எழுந்தால் அன்றைய நாள் முடிந்தது. ஆனி, ஆடியில் கச்சான் வலுத்திருக்கும் நாள்களில் மதியம்வரைகூட நிலக்காற்று தாக்குப்பிடிக்கும். ஆகவே அந்த மாதங்களில் தாமதமாக எழுந்தவருக்கும் அலை கிடைக்கும். கார்த்திகை, மார்கழியில் வாடை நேராகக் கடலிலிருந்து வீசுவதால் 5, 6 விநாடிக் குட்டை அலைகளே மிகுதி.

கடிலக்கரை எழுதியது:

அக்கா, திறந்த கடற்கரைக்கு நீங்கள் சொல்வது சரி. முகத்துவாரத்துக்கு அது பொருந்தாது என்று பணிவுடன் மறுக்கிறேன். இரண்டு காரணங்கள் உள்ளன.

முதலாவது, திட்டின் தட்டையான தன்மை. அலை தன் உயரத்தைப்போல ஏறத்தாழ ஒன்றேகால் மடங்கு ஆழத்தில் உடைகிறது. ஒரு மீட்டர் அலை 1.3 மீட்டர் ஆழத்தில் உடையும். நீர்மட்டம் 60 சென்டிமீட்டர் ஏறினாலே, ஐம்பதுக்கு ஒன்று என்ற சரிவுள்ள திட்டில் அந்த ஆழம் 30 மீட்டர் கரைப்பக்கம் நகர்ந்துவிடும். திட்டின் முதுகே அவ்வளவுதான் அகலம் என்றால், வற்றத்தில் உடைந்த அலை ஏற்றத்தில் உடையாமலே உள்ளே போய்விடும். முண்டாகாவில் 4 மீட்டர் செய்யும் வேலையை இங்கே அரை மீட்டர் செய்துவிடுகிறது. ஏனெனில் நம் திட்டுகளின் மேல் நிற்கும் தண்ணீரே அவ்வளவு குறைவு.

இரண்டாவது, நீரோட்டம். உயரம் குறைவானாலும், கழிமுகத்துக்குள் பரந்து நிற்கும் நீர் முழுவதும் ஒரு குறுகிய வாய் வழியாகத்தான் வெளியேற வேண்டும். வற்றத்தின் நடுவில் வெளியே பாயும் ஓட்டத்தை அலை எதிர்கொள்ளும்போது அலையின் நீளம் சுருங்கி, உயரம் கூடி, முகம் செங்குத்தாகிறது. ஓட்டத்தின் வேகம் ஆழ்கடலில் அந்த அலை செல்லும் வேகத்தில் நான்கில் ஒரு பங்கை எட்டினால் அந்த அலை மேலேறி வரவே முடியாது. 3 விநாடிச் சிற்றலைக்கு அந்த எல்லை விநாடிக்கு 1.2 மீட்டர் மட்டுமே. ஆனால் 13 விநாடி அலைக்கு 5 மீட்டர். ஆகவே வலுவான வற்றத்தில் காற்று எழுப்பிய சிற்றலைகள் வாய்க்கு வெளியிலேயே அடங்கிவிட, நெடிய அலை மட்டும் செங்குத்தாகி உள்ளே நுழைகிறது. அரியாங்குப்பத்தார் அந்தக் காலையில் கண்ட மென்மையான முகத்துக்கு மேலைக்காற்றோடு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

வடக்குக்குப்பத்துப் பயிற்சியாளர் எழுதியது:

விளக்கத்தை ஏற்றுக்கொள்கிறேன். என் அனுபவம் திறந்த கரையைச் சார்ந்தது. ஆனால் வற்ற ஓட்டம் அலையை அழகாக்குகிறது என்று படிப்பவர்கள் அதையே தேடிப் போகக் கூடாது என்ற அச்சம் எனக்கு உண்டு. விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் இழுக்கும் நீரை எதிர்த்து என் மாணவர்களில் ஒருவராலும் நீந்த முடியாது.

தலைப்பில் குளிர்நீர் இல்லை என்றாலும், கேள்வியில் அது வந்ததால் ஒரு செய்தி. நம் கடலும் குளிரும். ஆனி, ஆடியில் தெற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் காற்று கரையை ஒட்டி நாள்கணக்கில் வீசினால், பூமியின் சுழற்சியால் மேற்பரப்பு நீர் கரையை விட்டு வலப்பக்கமாக, அதாவது கிழக்கே, விலகுகிறது. அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. வெளியே வெயில் கொளுத்தும் போது சிறுவர்கள் உதடு நடுங்க ஏறி வருவதைப் பார்த்திருக்கிறேன். முகத்துவாரத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும்: ஆற்றிலிருந்து வரும் வெதுவெதுப்பான நீர் மேலே மிதக்க, பலகையில் அமர்ந்திருக்கும்போது இடுப்பில் சூடும் பாதத்தில் குளிரும் இருக்கும். அந்த நாள்களில் மெல்லிய ரப்பர் மேலுடை ஒன்று போதும். நான் அதைச் சொல்வதற்கு முக்கியக் காரணம், நடுங்கும் உடல் முடிவெடுக்கத் தாமதிக்கும் என்பதுதான்.

தாழங்குடா மைந்தன் எழுதியது:

பயிற்சியாளர் அம்மாவின் அச்சம் நியாயமானது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு வைகாசி மாதக் காலையில் வெளியூரிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் எங்கள் முகத்துவாரத்தில் பலகையோடு இறங்கினார். முந்தைய இரவு மேற்கே மழை பெய்திருந்ததை அவர் அறியவில்லை. வற்றமும் புதுத்தண்ணீரும் சேர்ந்து அவரை வாய்க்கு வெளியே கொண்டுபோய்விட்டன. அவர் கரையை நோக்கியே நேராகத் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு முழம்கூட முன்னேறவில்லை. என் அண்ணனும் நானும் படகை எடுத்துச் சென்று ஏற்றினோம். ஓட்டத்துக்குக் குறுக்காக, வடக்கிலோ தெற்கிலோ ஐம்பது அறுபது மீட்டர் விலகியிருந்தால், அலை உடையும் திட்டே அவரைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கும். வாய் வழியே நீர் வெளியேறும் ஆழமான ஓடையில் அலை உடையாது, திட்டில் உடையும்; உடையாத தண்ணீர் அமைதியாகத் தெரிகிறதே என்று அதில் நிற்பவர்கள்தான் இழுபட்டுப் போகிறார்கள்.

படகுகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எங்களுக்கு உள்ள ஒரே வழி அந்த ஓடை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. ஆனால் எங்கள் ஃபைபர் படகுகள் அப்போதும் போய்வரும். அலைமேல் ஏறி உள்ளே நுழையும் படகை இடையில் நிறுத்த முடியாது, நிறுத்தினால் கவிழும். தயவுசெய்து திட்டின் ஓரத்தில் இருங்கள். ஓடையில் அமர்ந்து அலைக்காகக் காத்திருக்காதீர்கள். விடியற்காலையில் கரையில் வலை உதறிக்கொண்டிருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். வாய் நேற்று எங்கே இருந்தது, இன்று எங்கே இருக்கிறது என்பதை அவர்கள் மகிழ்ச்சியோடு சொல்வார்கள்.

பழைய மாலுமி எழுதியது:

புயல் அலையைப் பற்றி யாரும் சொல்லவில்லை; சுருக்கமாகச் சொல்கிறேன். வங்கக்கடலில் 700 கிலோமீட்டர் தொலைவில் புயல் இருக்கும்போதே 11 விநாடி அலைகள் ஏறத்தாழ 23 மணி நேரத்தில் நம் கரையைத் தொட்டுவிடும். வானம் தெளிவாகவும் காற்று அமைதியாகவும் இருக்கும் அந்த ஒரு நாள்தான் பலரை ஏமாற்றுகிறது. துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறிவிட்டால் மீனவர் கடலுக்குப் போகமாட்டார்; ஆபத்துக்கு உதவ படகு இல்லாத கடலில் நீங்களும் இறங்க வேண்டாம்.

மழைக்குப் பிந்தைய நாள்களும் அப்படியே. வெள்ளம் வேலிக்காத்தான் மரங்களையும் ஆகாயத்தாமரைக் குவியல்களையும் ஊர்க் கழிவுநீரையும் கொண்டுவரும். எலிக்காய்ச்சல் காலில் உள்ள சிறு கீறல் வழியாகவே நுழையக்கூடியது. கலங்கல் தெளிய குறைந்தது மூன்று நாள் பொறுத்திருங்கள். கடலூர்ப் பக்கத்து ஆறுகளில் அதைவிட அதிகம் பொறுப்பதே நல்லது.

அரியாங்குப்பத்தான் எழுதியது:

ஒவ்வொருவருக்கும் நன்றி. நீங்கள் எழுதியவற்றை வைத்து ஒரு குறிப்பேடு தொடங்கியிருக்கிறேன். உயரம், இடைவெளி, திசை ஆகியவற்றை முந்தைய இரவே எழுதிவிடுகிறேன். அறுகம்பையின் நிலையும் மிதவையின் அளவும் அதற்கடுத்த வரியில். காலையில் போய்க் காற்றையும் நீரின் நிறத்தையும் வற்ற நேரத்தையும் எழுதுகிறேன். மணல் நாக்கின் முனை எங்கே இருக்கிறது என்பதைக் கரையிலுள்ள ஒரு பனைமரத்தை அடையாளமாக வைத்து அடியளந்து குறிக்கிறேன். ஒவ்வொரு நாளும் வற்றம் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போவதால், மேலைக்காற்றும் வற்றத்தின் கடைசிப் பகுதியும் விடியற்காலையில் ஒன்றுசேரும் நாள்கள் இரண்டு வாரத்துக்கு மூன்று நான்குதான் அமைகின்றன என்பது குறிப்பேட்டைப் பார்த்த பிறகே புரிந்தது.

நேற்று முதல் முறையாக அதன்படி போனேன். தென்கிழக்கிலிருந்து 0.7 மீட்டர், 14 விநாடி. ஆறு மணிக்கு வற்றம் முடியும் தறுவாயில் இருந்தது. ஓடை மெதுவாக வெளியேறிக்கொண்டிருந்தது. வலை உதறிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் கேட்டபோது, வாய் நான்கு நாளில் பத்துப் பாகம் (ஒரு பாகம் ஏறத்தாழ ஆறடி) வடக்கே நகர்ந்துவிட்டது என்றும், பிறையின் தென்முனையில் அடி மேடாக இருக்கிறது என்றும் கையால் காட்டினார். அந்தத் தென்முனையிலிருந்துதான் அலை தொடங்கியது. எட்டு மணிக்குள் பதினோரு அலைகள் கிடைத்தன; கடைசி இரண்டு அலைகள் ஏற்றம் தொடங்கியதால் பாதியிலேயே கொழுத்து அடங்கிவிட்டன.

தாழங்குடா அண்ணனிடம் ஒரு கேள்வி மட்டும்: வாய் இதே வேகத்தில் வடக்கே நகர்ந்தால் சித்திரை முடிவில் அந்தத் தென்முனை நிலைக்குமா?

தாழங்குடா மைந்தன் எழுதியது:

நீங்கள் பேசிய பெரியவர் என் சித்தப்பா. பலகையோடு வந்து மரியாதையாகக் கேட்ட தம்பி ஒருவரைப் பற்றி வீட்டில் சொன்னார். தென்முனை சித்திரை நடுப்பகுதிவரை தாங்கும் என்பது அவருடைய கணிப்பு. இடையில் கோடைமழை பெய்து ஆறு ஒருமுறை ஓடினால் வாய் மீண்டும் தெற்கே அறுத்துக்கொள்ளும். அப்போது அலை வடமுனைக்கு மாறும். வெள்ளிக்கிழமை அமாவாசை, வற்றம் வழக்கத்தைவிட வேகமாக இருக்கும். அன்று வருவதாயிருந்தால் ஏழு மணிக்கு மேல் இறங்குங்கள். ஓட்டம் தளர்ந்திருக்கும், நாங்களும் கரையில் இருப்போம்.